அள்ளியது மண் இல்லை

எர்ணாவூரில் எங்கள் பிளாக்குக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் லாரி வரும். வரும் என்று சொன்ன நேரத்துக்கு வராது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்போம். பக்கத்து வீட்டு மருமகள் என் பக்கத்தில்தான் உட்காருவாள். காசிமேட்டில் இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை செய்கிறவள். முப்பது வயது இருக்கும், வாய் மட்டும் அறுபது வயதுக்கு இருக்கும். லாரி வருகிற வரைக்கும் அவள் போனில் ஒரு விளையாட்டு ஆடுவாள். அதில் ஒரு கிழவி வருகிறாள். நீலப் புடவை, இரண்டு பக்கமும் மூக்குத்தி, முந்தானையை இடுப்பில் செருகியிருப்பாள். அந்தக் கிழவி வாயைத் திறந்தால் வருவது என் குரல்.

"ஆயா, இன்னிக்கி நீ என்ன மூணு வாட்டி சாவடிச்சிட்ட," என்பாள்.

"நாலாவது வாட்டியும் சாவு," என்பேன்.

"போன்ல கீற ஆயா இன்னா ஓட்டம் ஓடுது. நீ ரெண்டு படி ஏறதுக்கே முட்டி வலிக்குதுன்ற."

"அவ எனுக்கு அப்பால பொறந்தவ. தெம்பு ஜாஸ்தி."

அந்தக் கிழவி நான்தான் என்று பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டில் இருக்கிற என் மகள் செய்த விளையாட்டு என்பதும் தெரியும். கிழவி கையில் எதை அள்ளிக்கொண்டு துரத்துகிறாள், ஏன் துரத்துகிறாள் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். அவர்கள் குடத்தோடு நின்று பார்த்தவர்கள். என் முகத்துக்கு நேரே ஒருவரும் கேட்டதில்லை. அந்தத் தைரியம் இங்கே யாருக்கும் கிடையாது. அதனால் நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். ஒரு பக்கம் எழுதக் காலைப் பொழுது முழுவதும் போகிறது. போகட்டும், எனக்கு வேறு வேலை இல்லை.

என் அண்ணன் மகன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். குடி கிடையாது, பீடி மட்டும். என் மகள் பிறந்த அன்றைக்கே அண்ணனும் நானும் கை அடித்துப் பேசிக்கொண்ட சம்பந்தம் அது. அவள் கம்ப்யூட்டர் படிப்பு முடித்த வருஷம் பரிசம் போட நாள் குறித்தோம். அவள் வேண்டாம் என்றாள். ஒரு தடவை இல்லை, பல தடவை சொன்னாள். அழுதும் சொன்னாள், அழாமலும் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்து சாப்பிட்டுப் படுக்கிற மனுஷன். அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, அவரும் எதையும் சொல்வதில்லை.

பரிசத் தட்டுகளை வீட்டில் வரிசையாக அடுக்கி வைத்தாயிற்று. பத்து மணிக்கு அண்ணன் வீட்டார் வர வேண்டும். ஒன்பது மணிக்கு என் மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். கீழே ஆட்டோவில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிற தெற்கத்திக்காரர் மகன். அவளோடு படித்தவன். அன்றைக்கென்று பார்த்து லாரி சொன்ன நேரத்துக்கு வந்திருந்தது. பிளாக் முழுவதும் குடத்தோடு கீழே நின்றது.

நான் மூன்று மாடி இறங்கினேன். ஆட்டோ கிளம்பப் பார்த்தது. குனிந்து கையில் ஒரு பிடி அள்ளினேன்.

எங்கள் பக்கம் இதற்கு ஒரு முறை உண்டு. வெறும் வாயால் திட்டினால் அது காற்றோடு போய்விடும். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் காலையில் ஒருத்தியைத் திட்டுவோம், சாயங்காலம் அவளிடமே போய் ஒரு கை சர்க்கரை வாங்குவோம். மண்ணை வாரித் தூற்றிச் சொன்னால் அப்படி இல்லை. அந்தச் சொல் நின்றுவிடும். சொன்ன வாய்தான் அதை இறக்க வேண்டும். தூற்றின கையைக் கழுவி, கழுவின கையை அவர்கள் தலையில் வைத்து, "நல்லாரு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வராத வரைக்கும் சொன்னது சொன்னதுதான்.

"போடி. உன் வயித்துல ஒண்ணும் தங்காது," என்று சொல்லி வீசினேன்.

அவள் தலையில் விழுந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தபடியே ஆட்டோவில் போனாள். என் அண்ணன் பத்து மணிக்கு வந்து காலித் தட்டு மாதிரி திரும்பிப் போனார். சாகிற வரைக்கும் என் வாசற்படி மிதிக்கவில்லை.

ஒரு விஷயத்தை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். நான் அள்ளியது மண் இல்லை. எங்கள் பிளாக்கில் மண்ணுக்கு எங்கே போவது? எல்லாம் சிமெண்ட்டுத் தரை. எண்ணூர்ப் பக்கம் கரண்ட் எடுக்கக் கரி எரிக்கிற சாம்பல் காற்றில் வந்து படியும். தினமும் பெருக்கிப் படிக்கட்டுக்குக் கீழே குவித்து வைப்போம். அந்தக் குவியலில்தான் கை வைத்தேன். அள்ளும்போதே தெரிந்தது, கையில் கனமே இல்லை. சாம்பலை வாரி வீசினால் சொல் நிற்குமா என்று எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் மண் என்றார்கள். மண்ணாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதன்பிறகு பதினொரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அவர்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டு ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள் என்று தெரிந்தது. இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிற்று என்பதும் தண்டையார்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தது. முதலாவது நாலாம் மாதம். இரண்டாவது ஆறாம் மாதம். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து பிளாக்கில் என்னிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. லாரி வந்தால் என் குடத்தை முதலில் வைக்க வழி விட்டார்கள். கையில் குழந்தை வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்தால் குழந்தையின் முகத்தைத் தோளில் திருப்பிக்கொண்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். மகள் வந்தாள். காரியம் முடிகிற வரைக்கும் தரையில் படுத்தாள், பாத்திரம் கழுவினாள், வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள். கிளம்புகிறதற்கு முன்னால், "என்னோட வந்துடுமா. இங்க தனியா இன்னா பண்ணுவ?" என்றாள். அந்தப் பழைய காலையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் அது இல்லை என்று ஆகிவிடும் என்று இரண்டு பேருமே நினைத்திருக்கலாம். நான் போனேன். அங்கே இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தேன்.

அங்கே என்ன இருக்கிறது சொல்ல. ஜன்னலைத் திறந்தால் சத்தமே இருக்காது. மணலிப் பக்கம் டேங்கர் லாரி உறுமுகிற சத்தத்தில் தூங்கின எனக்கு முதல் மாதம் தூக்கம் வரவில்லை. மாப்பிள்ளை நல்ல மனுஷன். "அத்தே, என்ன வேணும்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மூன்று தெரு தள்ளி ஒரு தமிழ்க் கடை. யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தி வைத்திருந்தாள். எனக்கு ஒன்றிரண்டு வயது இளையவள். கறிவேப்பிலை, வெற்றிலை எல்லாம் அங்கேதான் வாங்க வேண்டும். என் மகள் ஆன்ட்டி என்பதை அவர்கள் பாஷையில் "அன்ரி, அன்ரி" என்று கூப்பிட்டுக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் போய் ஸ்டூலில் உட்காருவாள். அவள் என் மகளின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டபடி, "சாப்பிட்டனியோ பிள்ளை?" என்பாள். நான் வெற்றிலையை வாங்கிக்கொண்டு வெளியே குளிரில் போய் நிற்பேன்.

என் மகளுக்கு கம்ப்யூட்டரில் விளையாட்டுச் செய்கிற வேலை. அதைத் தவிர வீட்டில் தனக்கென்று ஒரு விளையாட்டும் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் சமையலறை மேஜையில் ஒரு சின்ன மைக்கை வைத்தாள்.

"மா, ஒரு கேமுக்கு உன் கொரலு வேணும். நான் வெளிய போறேன்னு வெச்சிக்கோ. நீ இன்னா சொல்லுவ?"

"எங்கடி போற? சாப்ட்டு போ."

"அப்பால?"

"இருட்டறதுக்குள்ள வந்துடு."

"இன்னும் கொஞ்சம் கத்து. நான் தூரத்துல கீறேன்."

"நில்லுடி. கூப்டறது காதுல வுயிலியா?"

அவள் சிரித்தாள். நான்கு நாள் அப்படிப் பேசினேன். ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக ஒரு தடவை, கத்தி ஒரு தடவை, மூச்சு வாங்க ஒரு தடவை. மேஜைக்கு எதிரே என் மகள் உட்கார்ந்து நான் சொல்கிறதையே கேட்டுக்கொண்டிருந்தது அந்த நான்கு நாள்தான். கடைசி நாள் மைக்கை எடுத்து வைக்கும்போது, "இன்னும் ஒண்ணே ஒண்ணு பேச வேண்டியது கீது," என்றாள்.

"இப்பவே வெச்சிக்கோ."

"இல்லமா. அது அப்பால."

அந்தச் சமயத்தில் அவள் முழுகாமல் இருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. காபி வாசனைக்கு எழுந்து போனாள், உட்கார்ந்து எழுந்திருக்கும்போது கையை ஊன்றினாள், எனக்குத் தெரியாதா? சொல்லட்டும் என்று இருந்தேன். ஐந்தாம் மாதத்தில்தான் சொன்னாள். அதுவும் மாப்பிள்ளையை விட்டுச் சொன்னாள். நான் "சரி" என்றேன்.

அந்த மாதம்தான் அந்தக் கேம் திருவிழா. திருவிழா என்று நான் சொல்கிறேன், அவர்கள் வேறு பெயர் சொல்வார்கள். உலகத்தில் கேம் செய்கிறவர்கள், விற்கிறவர்கள், ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவார்களாம். அதில் என் மகளுக்கும் ஒரு சின்ன இடம் கொடுத்திருந்தார்கள். "நீ வர்றியாமா? அந்த நீலப் பொடவைய கட்டிக்கோ," என்றாள். பெற்றவளைப் பெருமையாகக் கூட்டிப்போகிறாள் என்று நினைத்து அந்தப் புடவையைத் தேய்த்துக் கட்டிக்கொண்டேன்.

துறைமுகத்துக் குடோனைப் பத்து, பதினைந்தை ஒட்டி வைத்த மாதிரி இடம். வாசலில் என் சுருக்குப் பையை வாங்கி ஒருவன் கொட்டிப் பார்த்தான். வெற்றிலையை மோந்து பார்த்தான். பாக்கைத் தட்டிப் பார்த்தான். மாப்பிள்ளை அவனுக்கு விளக்கம் சொன்னார். கையில் ஒரு காகிதப் பட்டை கட்டி உள்ளே விட்டார்கள். உள்ளே வெளிச்சம் இல்லை, சத்தம்தான். தரை அதிருகிறது. வீடு உயரத்துக்குத் திரைகள், எல்லாவற்றிலும் யாரோ யாரையோ வெட்டுகிறார்கள். நடக்கிற கூட்டமோ பாதிப்பேர் வேஷம். ஒருத்தி தலையில் கொம்பு. ஒருத்தன் உடம்பு முழுவதும் அட்டைக் கவசம், ஆள் உயரத்துக்குக் கத்தி.

"பயப்படாதிய அத்தே, எல்லாம் ரப்பர் வாளுதான்," என்றார் மாப்பிள்ளை.

"காசிமேட்ல நெஜ கத்தியே பாத்தவ நான். நீங்க நடங்க."

கடைசி ஹாலில் ஒரு மூலையில் என் மகளின் இடம். ஒரு மேஜை, இரண்டு திரை, பின்னால் கறுப்புத் துணியில் ஒரு மறைப்பு. அவ்வளவுதான். ஆனால் பத்து இருபது பேர் வரிசையில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் வரிசையில் ஒரு சலசலப்பு. ஒருவன் என்னைக் காட்டி இன்னொருவனிடம் ஏதோ சொன்னான். இரண்டு பெண்கள் என்னைப் பார்த்து, பயந்த மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நாலு அடி ஓடிவிட்டுச் சிரித்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மரியாதை செய்கிறார்கள் என்று நானும் சிரித்து நின்றேன். அப்படிச் சிரித்து நின்றதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அதன்பிறகுதான் திரையைப் பார்த்தேன். எங்கள் பிளாக். கைப்பிடி உடைந்த படிக்கட்டு, கலர் கலராகக் குடங்கள், லாரி. ஒரு பெண் பெட்டியோடு ஓடுகிறாள். பின்னாலேயே நீலப் புடவையில் நான் வருகிறேன். கையை மூடிப் பிடித்திருக்கிறேன். "எங்கடி போற? சாப்ட்டு போ," என்று என் குரல். மூச்சு வாங்குகிற குரல். "நில்லுடி." அப்புறம் கையைத் திறந்து வீசுகிறேன். அந்தப் பெண் அப்படியே மடிந்து விழுகிறாள். திரை இருட்டாகிறது. ஆடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரன், அம்மாடி என்கிற மாதிரி மூச்சு விட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பித்தான்.

"நீ ஆடிப் பாருமா," என்றாள் மகள். வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். எங்கே போனாலும் எனக்கு முதலில் வழி விடுகிறார்கள்.

கையில் கொடுத்த பித்தான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். நானும் கல்யாணமான புதிதில் நாலு வருஷம் இறால் உரித்தவள், கட்டை விரல் இன்னும் பேசும். எந்தப் பித்தானை அழுத்தினால் ஓடும் என்று காட்டினாள். ஓடினேன். கிழவி பிடித்துவிட்டாள். மறுபடி ஓடினேன். லாரிக்குப் பின்னால் ஒளிந்தேன். குடத்தைத் தள்ளிவிட்டேன். எப்படி ஓடினாலும் என் குரல் என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. ஒவ்வொரு தடவையும் செத்தேன்.

"கலரு தப்பா போட்டுக்கிற," என்றேன். திரையில் அந்தக் கிழவி வீசுவது மஞ்சள் மண்ணாக இருந்தது.

"எது?"

"ஒண்ணுமில்ல. வுடு." அவள் கையில் பித்தான் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

யாழ்ப்பாணத்து அம்மா அங்கே வந்திருந்தாள். கடையைப் பூட்டிவிட்டு என் மகளின் விளையாட்டைப் பார்க்க வந்தாளாம். அடுத்து அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் ஓடினாள். "எங்கடி போற" என்று என் குரல் வந்ததும் நின்றாள். "பாவம், மனிசி சாப்பிடச் சொல்லித்தானே கூப்பிடுது," என்று சொல்லி, அந்தப் பெண்ணைத் திருப்பி, கிழவியை நோக்கி நடக்க விட்டாள். எனக்கு அப்படித் திரும்பத் தோன்றவே இல்லை. கிழவி நின்றுவிட்டாள். மூடியிருந்த கை திறந்தது. மண் கீழே கொட்டியது. அந்தக் கையைப் பெண்ணின் தலையில் வைத்தாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியில ஒண்டும் பேசாமல் விட்டது நல்ல வடிவாய் இருக்குது பிள்ளை," என்றாள்.

"வுடல அன்ரி. இன்னும் ரெக்கார்டு பண்ணல," என்றாள் என் மகள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

என்னைக் கறுப்புத் துணிக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அட்டைப்பெட்டிகள், ஒரு நாற்காலி. என்னை உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. அவள் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். "கைய நீட்டுமா," என்றாள்.

பாட்டிலைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"இதுக்குத்தான் இட்டுகினு வந்தியா?"

"வூட்ல கேக்கணும்னு எத்தினியோ வாட்டி நெனச்சேன். வாய் வரல. இத செஞ்சி காமிச்சா உனக்கே தோணும்னு பாத்தேன்."

"எல்லாரும் பாக்க என்ன பேயா ஓட வுட்டு காமிச்சியா?"

"எல்லாரும் பாக்கத்தான என் தலையில போட்ட."

துணிக்கு அந்தப் பக்கம் என் குரல் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு இதுலலாம் நம்பிக்க கெடையாதுமா," என்றாள். வயிற்றின் மேல் கை வைத்திருந்தாள். "ரெண்டுக்கும் காரணம் இன்னான்னு டாக்டரு சொல்லிட்டாங்கோ. ஆனா கண்ண மூடினா உன் கொரலு வருது. இதுவும் போய்டுமோன்னு தெனம் எண்ணிகினே கீறேன். ஒரே ஒரு வார்த்தமா. கேமுக்கு இல்லன்னாலும் பரவால்ல. எனக்கு சொல்லு."

அவள் கேட்டது ஒரு வார்த்தை. எனக்குக் கேட்டது வேறு. கையைக் கழுவி அந்த வார்த்தையைச் சொன்னால், அந்த இரண்டு குழந்தையையும் நான்தான் கொன்றேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. சாம்பல்தானே, அதற்கு ஒரு சக்தியும் கிடையாது என்று சொன்னால், இத்தனை வருஷம் எனக்கு வழி விட்ட பிளாக்குக்கு முன்னால் நான் வெறும் கிழவி. இரண்டில் எதையும் சொல்ல என் வாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்ப அந்த ரெண்டயும் நான் முழுங்கிட்டேன்ற."

"நான் அப்டி சொல்லலமா."

"சொல்லல. கைய கழுவ சொல்ற."

"மா." என் முழங்கையைப் பிடித்தாள். "நல்லாருன்னு சொல்லு. அவ்ளோதான்."

"நான் சொன்னா மட்டும் தங்கிடுமா?"

நான் சொன்னது இதுதான். கோபத்தில் வாய் தவறி வரவில்லை. என்ன சொல்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். அவள் கை என் முழங்கையிலிருந்து விழுந்தது.

துணியை விலக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்து அம்மா நின்றாள். கேட்டுவிட்டாள். "பிள்ளைத்தாய்ச்சிக்கு முன்னால என்ன கதை இது, அம்மா?" என்றாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

"உன் கடைய போய் பாரு. கறிவேப்பில வாடிடும்," என்றேன்.

என் மகள் பாட்டிலை மூடினாள். நிதானமாக மூடியைத் திருகி, பெட்டிக்குள் வைத்தாள். முகத்தைக் கையால் ஒரு தடவை துடைத்துவிட்டு வெளியே போனாள். வரிசையில் நின்றவர்களிடம் அவள் சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. அவளும் என் மகள்தானே. நான் அந்த நாற்காலியில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை காகிதத் தட்டில் உருளைக்கிழங்கு வறுவல் கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போயிற்று.

வீட்டுக்கு வரும் ரயிலில் அவள் எனக்கு எதிரே உட்காரவில்லை. இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை என் அறை வாசலில் வந்து நின்றார். "அத்தே, அவ மனசு இப்பம் அமைதியா இருக்கணும்னு டாக்டர் சொல்லுதாங்க," என்று தரையைப் பார்த்துப் பேசினார். நான் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துக் காட்டினேன். முதல் நாளே கட்டி வைத்துவிட்டேன். என்னைப் போகச் சொல்கிற சிரமத்தை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

கிளம்புகிற அன்று அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே அவள் நடக்கிற சத்தம் கேட்டது. கதவு வரைக்கும் வந்து நின்ற மாதிரி இருந்தது. நான் கூப்பிடவில்லை. அவள் திறக்கவில்லை.

எர்ணாவூருக்கு வந்து சேர்ந்தேன். "இன்னா ஆயா, ஃபாரின் போய்ட்டு வெள்ளையா வருவன்னு பாத்தா, போன கலர்லயே வந்துக்கிற," என்றாள் பக்கத்து வீட்டு மருமகள். குடத்தை முதலில் வைத்தேன்.

நாலு மாதம் கழித்து மாப்பிள்ளை போன் செய்தார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். குளிப்பாட்டுவது யார் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "கடைக்கார அம்மா வாராங்க அத்தே," என்றார். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ம்," என்றாள்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். குழந்தைதான் பிறந்துவிட்டதே, இனிமேல் சொன்னால் எனக்கு என்ன குறைந்துவிடும் என்று பட்டது.

"அன்னிக்கி நான் அள்ளனது மண்ணு இல்லடி. சாம்பலு. படிக்கட்டு கீய பெருக்கி வெச்சிருந்த சாம்பலு. அதுக்கு ஒண்ணும் கெடையாது. நீ சும்மா பயந்துகினு கீற."

"தெரியும்," என்றாள்.

"இன்னா தெரியும்?"

"சாம்பலுன்னு தெரியும். என் தலையிலதான வுழுந்துச்சி. மூணு தண்ணி ஊத்தி அலசினாலும் கறுப்பா வந்துகினே கெடந்துச்சி."

"தெரிஞ்சே எதுக்குடி அதுல மண்ணா போட்ட?"

"சாம்பல போட்டா அங்க கீறவங்களுக்கு புரியாது." குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. "நான் ஒரு வார்த்த கேட்டேன்மா. நீ இன்னா அள்ளினன்னு கேக்கல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். போன் கையில் இருந்தது, அவள் அந்தப் பக்கம் இருந்தாள். குழந்தையின் அழுகை ஏறியது. "கொழந்த அழுவுது பாரு, போ," என்றேன். அவள் வைத்துவிட்டாள். அதன்பிறகு மாப்பிள்ளை மட்டும்தான் பேசுகிறார்.

போன வாரம் லாரிக்காக உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டு மருமகள் ஆடிக்கொண்டிருந்தவள் திடீரென்று என் தொடையைத் தட்டினாள். "ஆயா, இத்தினி நாளா ஓடிகினே கெடந்தேன். இன்னிக்கி கை தவறி திரும்பி நடந்துட்டேன், நீ அடிக்கவே இல்ல. தோ பாரு."

பார்த்தேன். கை திறந்தது. மண் கொட்டியது. கிழவி அந்தக் கையைத் தலையில் வைத்தாள். என் முகம், என் மூக்குத்தி. வாய் அசைந்தது. இந்தத் தடவை சத்தம் வந்தது.

"நல்லா இரு பிள்ளை."

அவள் போனைக் காதில் வைத்து இன்னொரு தடவை கேட்டாள். "இன்னா ஆயா, முழுக்க நம்ம பாஷ பேசிட்டு கடசில சிலோன்காரி மாரி சொல்ற? நீதானா இது?"

"இல்ல."

"அதான பாத்தேன். ஒத்துப் போவல. ஒரு வார்த்ததான, இதயும் நீயே சொல்லி இருக்கலாம்ல?" போனைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "நீ சொன்னா எப்டி இருக்கும்? எங்க, எனக்கு ஒரு வாட்டி சொல்லிக் காமி."

பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் குடத்தைப் பிடித்தபடி என் வாயையே பார்த்தார்கள். கீழே லாரி திரும்புகிற சத்தம் கேட்டது.

"லாரி வந்துட்ச்சி," என்றேன். "என் கொடத்த மொதல்ல வை."